சேவலும் மண்வெட்டியும் இனி எதுக்கு? இலங்கை மலையகத்துக்குத் தனிக் கட்சி வேணுமா வேணாமா

ஹட்டன்_பஸ்டாண்ட்
திட்டுறவங்க திட்டுங்க, கேக்க வேண்டியத கேட்டுட்றேன். 2024 செப்டெம்பர் ஜனாதிபதி எலக்‌ஷன்ல நுவரெலியா மாவட்டத்துல சஜித் மொதல், ரணில் ரெண்டாவது, அனுர மூணாவது. ரெண்டே மாசம், நவம்பர் 14 பொதுத் தேர்தல்ல அதே மாவட்டத்துல 8 சீட்ல 5 அனுரவோட திசைகாட்டிக்கு, 2 சஜித்தோட டெலிபோனுக்கு, 1 ரணிலோட யானைக்கு. தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஓட்டு நல்லா சாயாம இது நடந்திருக்காது. சேவல் கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) காரங்களும், சஜித் பக்கம் இருந்த தமிழ் முற்போக்குக் கூட்டணிக்காரங்களும் (மண்வெட்டிச் சின்ன மலையக மக்கள் முன்னணி இதுல தான்) மலைக்கு மலை ஏறி மைக்க புடிச்சி கத்தியும் சனம் கேக்கல. நம்ம கலைச்செல்வி எந்தத் தலைவர் வீட்டு வாசல்லயும் நிக்காம திசைகாட்டியில நின்னு ஜெயிச்சாங்க, பதுளையில அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் ரெண்டு பேரும் அப்படித்தான். அப்ப மலையகத்துக்குன்னு தனியா கட்சி இனி எதுக்கு? மாகாண சபை எலக்‌ஷன் வரும் வரும்னு சொல்லிக்கிட்டிருக்காங்க, அதுக்கு முன்னாடி பேசி ஒரு முடிவுக்கு வரலாம்னு தான் போட்டேன்.

கொட்டகலை_சேவல்
தம்பிக்கு ஒரு அலை அடிச்சதும் கண்ணு கட்டிருச்சு. 1947ல எங்க இ.தொ.கா.வுக்கு முன்னாடி இருந்த இலங்கை இந்திய காங்கிரஸ்ல இருந்து 7 பேர் பாராளுமன்றம் போனாங்க, நுவரெலியாவுல தொண்டமான் ஐயா, தலவாக்கலையில சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில குமாரவேலு, நாவலப்பிட்டியில ராஜலிங்கம் இப்படி, அதப் பாத்து பயந்து தானே அடுத்த வருஷமே 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டாந்து, 1949ல ஓட்டையும் புடுங்கினாங்க, 1952 எலக்‌ஷன்ல நம்ம சனத்துக்கு ஓட்டு இல்ல, ஆளும் இல்ல, அதுக்கு அப்புறம் 1977 வரைக்கும் நம்மள்ல ஒருத்தர் ஓட்டு வாங்கி அந்த சபைக்குள்ள போனதில்ல. 25 வருஷம் தம்பி. 1977ல நுவரெலியா மஸ்கெலியா தொகுதிக்கு மூணு எம்பி, காமினி திசாநாயக்க மொதல், அனுர பண்டாரநாயக்க ரெண்டாவது, தொண்டமான் ஐயா மூணாவது. அந்த ஒரு ஆளு ஜே.ஆர். மந்திரி சபையில உக்காந்து பேசிப் பேசித் தானே 1986, 1988 சட்டங்கள் வந்து நாடற்றவங்களுக்கு பிரஜாவுரிமை கெடைச்சது. இன்னைக்கு நீங்க போய் திசைகாட்டிக்கு புள்ளடி போட்டீங்களே, அந்த ஓட்டே சேவல் வாங்கித் தந்தது.

டயகம_வெஸ்ட்
அண்ணே வணக்கம். எங்க டிவிசன் ரோட்ட பத்தி கேட்டாலும் 1948ல இருந்து தான் ஆரம்பிப்பீங்க போல 😂

கொட்டகலை_சேவல்
சிரிங்க சிரிங்க. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 975,000 பேர கணக்குப் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க, மிச்சம் 150,000 பேர 1974ல ஆளுக்குப் பாதின்னு பங்கு வச்சாங்க. எங்க தாத்தாவோட தம்பி குடும்பம் மொத்தமும் நீலகிரி போயி அங்கயும் தேயிலை தான் பறிக்குது. பேச ஆள் இல்லாத சனத்த என்ன பண்ணுவாங்கன்னு அனுபவிச்ச சனம் நாங்க.

பதுளை_டீச்சர்
சேவல் அண்ணே சொல்ற சரித்திரம் சரி. ஆனா அதுல இருந்து எடுக்கிற முடிவு தான் எனக்கு இடிக்குது. ஒரு சின்ன கட்சிக்கு பேரம் பேசுற பலம் எப்ப வருது? அரசாங்கத்துக்கு கை தேவைப்படும் போது. 1994ல பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 சீட், முஸ்லிம் காங்கிரஸ் 7, ஆக 112. 113க்கு ஒண்ணு கொறையுது. அந்த ஒண்ணு யாரு, நுவரெலியாவுல சுயேச்சையா ஜெயிச்ச மலையக மக்கள் முன்னணி சந்திரசேகரன். ஒத்த ஆளு சந்திரிகா ஆட்சிய தூக்கி நிறுத்தினார், பிரதி மந்திரியும் ஆனார். அதே மாதிரி 2015ல முற்போக்குக் கூட்டணி 6 பேரும் ரணில் அரசாங்கத்துக்கு தேவைப்பட்டாங்க, தேவைப்பட்டதால தான் 7 பேர்ச் காணியும் தனி வீடும் பேச்சுக்கு வந்துச்சு, 2018ல மலையக அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்துச்சு, பிரதேச சபை காச தோட்டத்துக்குள்ள செலவழிக்கலாம்னு சட்டத்த திருத்தினாங்க.

இப்ப 2024க்கு வாங்க. ஆளுங்கட்சிக்கு 159. யாரோட கையும் தேவையில்ல. சேவல் கட்சி ஜீவன் தொண்டமான் ஒருத்தர், முற்போக்குக் கூட்டணியில திகாம்பரம், ராதாகிருஷ்ணன், தேசியப் பட்டியல்ல வந்த மனோ கணேசன், நாலு பேரும் சேந்து கத்தினாலும் பாராளுமன்றப் பதிவு ஹன்சாட்ல பதியும், அவ்வளவு தான். ஆக தனிக் கட்சி நல்லதா கெட்டதாங்கிற கேள்விய விட, மேல எண்ணிக்கை எப்படி விழுதுங்கிறது தான் பாதி விஷயத்த முடிவு பண்ணுது.

ஹட்டன்_பஸ்டாண்ட்
அதத்தான் டீச்சர் நானும் சொல்றேன். 159க்கு வெளிய நின்னு கத்துறதுக்கு 159க்கு உள்ள நின்னு பேசலாமே.

பதுளை_டீச்சர்
உள்ள நின்னு பேசுவாங்கன்னு யாரு சொன்னா? கட்சி எடுக்கிற முடிவுக்கு மாத்தி கை தூக்கினா அடுத்த லிஸ்ட்ல பேரே இருக்காது. எங்க மாவட்டத்து ரெண்டு பேரும் நல்லவங்க, வர்றாங்க போறாங்க, போன் எடுத்து பேசுறாங்க. ஆனா ஒரு விஷயத்துல தோட்டத்துக்கு ஒண்ணும் கட்சிக்கு ஒண்ணும் நல்லதுன்னு வந்தா அவங்க எந்தப் பக்கம்னு இன்னும் பாக்கல. பாக்கற வரைக்கும் நான் கை தட்ட மாட்டேன்.

மலைமகள்_நோர்வூட்
ஏங்க தனிக் கட்சி தனிக் கட்சின்னு சண்ட போடுறீங்களே, பொதுத் தேர்தல்ல அந்தக் கட்சி ஓட்டுச்சீட்டுல எங்க இருக்கு? எங்க அம்மாயி 2024ல ஸ்கூல்ல ஓட்டு போட போயி சீட்ட விரிச்சு மேல இருந்து கீழ பாத்துச்சாம், மறுபடி கீழ இருந்து மேல பாத்துச்சாம், சேவல காணோம். பொறகு யாரோ யானைன்னு சொன்னது ஞாபகம் வந்து யானைக்கு புள்ளடி போட்டுட்டு, கீழ விருப்பு வாக்கு நம்பர் கட்டம் இருக்குமே, அதுல ஒண்ணும் போடாம மடிச்சு பொட்டியில போட்டுட்டு வந்திருச்சு. ஆக ஓட்டு ரணில் கட்சிக்கு போச்சு, ஜீவனுக்கு போகல. அது கொழுந்து பறிச்ச காலத்துல இருந்து சேவல் தான், இப்பவும் நான் சேவலுக்கு தான் போட்டேன்னு சொல்லுது.

நம்ம மாவட்டத்துல சேவல் கட்சி நின்ன சின்னத்த பாருங்க, 2004 யானை, 2010 மஹிந்த கூட்டணியோட வெத்தல, 2015 வெத்தல, 2020 ராஜபக்ஷ கட்சியோட மொட்டு, 2024 திரும்ப யானை. சேவல் பிரதேச சபைக்கு மட்டும் தான் கூவும்.

டயகம_வெஸ்ட்
"சேவல் பிரதேச சபைக்கு மட்டும் தான் கூவும்" 🔥 அக்கா இத பேனர் அடிச்சி மாட்டணும்

கொட்டகலை_சேவல்
சின்னம் மாத்தி நிக்கிறது கணக்கு மா. தனியா நின்னா ஓட்டு செதறும்.

பதுளை_டீச்சர்
கணக்குன்னு சொன்னதால கணக்கையே பேசுவோம், இது நெறைய பேருக்கு வெளங்கல. நுவரெலியாவுக்கு 8 சீட். அதுல ஒண்ணு போனஸ், மாவட்டத்துல மொதல் வர்ற கட்சிக்கு. மிச்சம் 7ஐ ஓட்டு வீதப்படி பங்கு போடுவாங்க. 5 வீதத்துக்கு கீழ எடுத்தா பங்குலயே சேக்க மாட்டாங்க, முன்னாடி இது பன்னண்டரை வீதம், 1988ல தான் கொறைச்சாங்க. ஆக சின்ன கட்சி தனியா நின்னா போனஸ் கெடைக்காது, ஒண்ணு ரெண்டோட நிக்கும். பெரிய கட்சி லிஸ்ட்ல ஏறினா, லிஸ்ட்டுக்கு எத்தனை சீட் விழுதோ அதுல விருப்பு வாக்கு கூட எடுத்தவன் உள்ள போவான். ஒரு ஓட்டருக்கு விருப்பு வாக்கு மூணு. நம்ம சனம் மூணையும் நம்ம ஆளுக்கே போடும், சிங்கள ஓட்டு லிஸ்ட்ல இருக்கிற மத்தவங்களுக்குள்ள பிரியும். அதான் சூட்சுமம். 2015லயும் 2020லயும் முற்போக்குக் கூட்டணி சரியா மூணு பேர நிறுத்தி மூணு பேரையும் உள்ள அனுப்பிச்சு. 2020ல மொட்டு லிஸ்ட்ல ஜீவன் 109,155 விருப்பு வாக்கு, ராமேஸ்வரனும் உள்ள போனார். ஆக அந்த வருஷம் மாவட்டத்துல 8ல 5 பேர் தமிழர்.

2024ல டெலிபோனுக்கே 2 தான் விழுந்துச்சு, 2020ல ஜெயிச்ச உதயகுமார் வெளிய. யானைக்கு 1, ராமேஸ்வரன் இல்ல. திசைகாட்டியில 5 பேர்ல தமிழர் கலைச்செல்வி ஒருத்தர். ஆக மொத்தம் 4. பாதிக்கு மேல தமிழர் இருக்கிற மாவட்டத்துல 5 போயி 4 ஆச்சு. திசைகாட்டிக்கு போட்ட நம்ம சனத்துல நெறைய பேர் கட்சிக்கு மட்டும் போட்டுட்டு நம்பர் போடாம வந்துட்டாங்கன்னு தான் நான் நெனைக்கிறேன், மலைமகளோட அம்மாயி மாதிரி.

ஹட்டன்_பஸ்டாண்ட்
5 இருந்தப்ப என்ன கிழிச்சாங்க டீச்சர்? அந்த 5 பேர் இருந்த அதே 2020ல இருந்து 2024க்குள்ள தான் சம்பளத்துக்கு நாய் பாடு பட்டோம். 2021ல 1000 ரூபான்னு சம்பள நிர்ணய சபை சொன்னிச்சு, கம்பனி சங்கங்களோட போட்டிருந்த கூட்டு ஒப்பந்தத்த விட்டு வெளிய போயிட்டான், நாளைக்கு இத்தனை கிலோன்னு ஏத்திக்கிட்டே போனான், கிலோ கொறஞ்சா அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். 2024 மே தினத்துல கொட்டகலைக்கே வந்து ரணில் 1700னு அறிவிச்சார், மேடையில எல்லாரும் கை தட்டினாங்க, கம்பனி கோர்ட்டுக்கு போச்சு, கடைசியில செப்டெம்பர்ல வந்தது 1350. மேடையில இருந்தவங்க யாரும் அதப் பத்தி பேசல.

பதுளையில நடந்ததையும் சொல்லணும். அரவிந்தகுமார் டெலிபோன்ல ஓட்டு வாங்கிட்டு 2020 ஒக்டோபர்ல கோட்டாவோட 20வது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு கை தூக்கினார். வடிவேல் சுரேஷ் 2018ல மஹிந்தவ திடீர்னு பிரதமராக்கின குழப்பத்துல அந்தப் பக்கம் போயி இந்தப் பக்கம் வந்தார். இனத்தோட பேரச் சொல்லி வாங்கின ஓட்டு இப்படி கை மாறுதுன்னா அந்த எண்ணிக்கையால என்ன பிரயோசனம்?

கொட்டகலை_சேவல்
சுரேஷும் அரவிந்தும் அப்ப இ.தொ.கா. ஆளுங்க இல்ல, எங்க தலையில கட்டாதீங்க. சம்பளத்த பேசணும்னா உங்க ஆளுங்க ஆட்சிய பேசுங்க, பட்ஜெட்ல 1750னு சொன்னாங்களே, 1350அ 1550 ஆக்கி வேலைக்கு வந்த நாளைக்கு அரசாங்கம் 200. அந்த 200 கம்பனி பாக்கெட்ல இருந்து வரல, நாட்டோட வரிக் காசு. கம்பனிய புடிச்சு உலுக்குவோம்னு சொன்ன செகப்பு சட்டக்காரங்க கம்பனிக்கு முட்டு குடுக்கிறாங்க. இத தொழிற்சங்கம் தான் கேக்கணும்.

ஹட்டன்_பஸ்டாண்ட்
எந்தப் பாக்கெட்ல இருந்து வந்தா என்ன, எங்க அம்மா கைக்கு வருதா இல்லையா? 1700 மேடையோட போச்சு, இது பட்ஜெட்ல ஏறியிருக்கு.

வடக்கன்_77
இடையில வாறதுக்கு மன்னிக்கோணும், நான் யாழ்ப்பாணம். நீங்கள் ஏன் பெரிய சிங்களக் கட்சி, சின்ன மலையகக் கட்சி எண்டு ரெண்டு வழி மட்டும் கதைக்கிறியள்? வடக்கு கிழக்கும் மலையகமும் ஒண்டாச் சேர்ந்தால் 25 ஆசனத்துக்கு மேல எடுக்கலாம். 1949ல செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிஞ்சு தமிழரசுக் கட்சி துவங்கினதே உங்கட பிரஜாவுரிமைப் பிரச்சினையால தான். 1985 திம்புப் பேச்சுவார்த்தையிலயும் நாலாவது கோரிக்கை அது தானே.

கொட்டகலை_சேவல்
வாங்க ஐயா. செல்வநாயகம் ஐயா பண்ணினத நாங்க மறக்கல. ஆனா அவரு எந்தக் கட்சிய விட்டுப் பிரிஞ்சாரு, ஜீ.ஜீ. பொன்னம்பலம் மந்திரியா போயி உக்காந்த கட்சிய விட்டு. அதையும் சேத்து சொல்லுங்க. தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்கள்ல ஒருத்தரா தொண்டமான் ஐயாவும் இருந்தவரு தான், தனிநாடுன்னு முடிவு எடுத்ததும் ஒதுங்கிக்கிட்டாரு. ஏன்னா நுவரெலியாவுல உக்காந்துக்கிட்டு எந்தத் தனிநாட்டுக்கு போறது? சுத்தி சிங்கள ஊரு, 77 கலவரத்துலயும் 83 கலவரத்துலயும் அடி வாங்கினது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சனம்.

டயகம_வெஸ்ட்
யாழ்ப்பாண அண்ணே தப்பா எடுக்காதீங்க, நான் வெள்ளவத்தையில கடையில வேல பாத்தப்ப உங்க ஊரு முதலாளி என்னைய எப்படி கூப்டாருன்னு இங்க எழுத முடியாது. ஆசனத்த கூட்டுறதுக்கு முன்னாடி அதப் பேசணும்.

வடக்கன்_77
அது உண்மை தம்பி, அதை நான் மறுக்கேல்ல. ஆனால் அதைக் காரணமாச் சொல்லி எத்தனை காலத்துக்குத் தனித்தனியா நிண்டு தோக்கப் போறம்? 2024ல வடக்கு கிழக்கில பொது வேட்பாளர் எண்டு அரியநேத்திரனைச் சங்குச் சின்னத்தில நிறுத்தினம், 2 லட்சத்துக்கு மேல வாக்கு. ஆகக் குறைஞ்சது எங்களிட்ட இவ்வளவு பேர் இருக்கினம் எண்டு எண்ணிக் காட்டலாம். உங்கட வாக்கை யானைக்கும் டெலிபோனுக்கும் போட்டால் ஆர் எண்ணுவினம்?

பதுளை_டீச்சர்
இது நல்ல கேள்வி. எங்க பக்கம் திலகராஜும் 2024ல ஜனாதிபதிக்கு நின்னார், நம்ம சனத்துலயே பாதிப் பேருக்கு அது தெரியாது. சேவலும் மண்வெட்டியும் அவர கண்டுக்கவே இல்ல, ஒண்ணு ரணிலோட ஒண்ணு சஜித்தோட. கடைசியில ரெண்டு பேருமே தோத்தாங்க.

மலைமகள்_நோர்வூட்
டீச்சர் நீங்க சொன்ன கணக்குல எனக்கு ஒரு சந்தேகம். சேவலும் முற்போக்குக் கூட்டணியும் ஒரே லிஸ்ட்ல நின்னா? 2024ல டெலிபோன், யானை ரெண்டுலயும் விழுந்த நம்ம ஓட்டு ஒரே எடத்துல விழுந்திருந்தா போனஸுக்கே போட்டி போட்டிருக்கலாமே. ஏன் ஒரு தடவையும் பண்ணல?

பதுளை_டீச்சர்
பண்ண மாட்டாங்க. ஏன்னா இது கட்சின்னு நாம சொல்றோம், அடியில இது தொழிற்சங்கம். இ.தொ.கா. ஒரு சங்கம், திகாம்பரத்தோட தொழிலாளர் தேசிய சங்கம் ஒண்ணு, மலையக மக்கள் முன்னணிக்கு ஒண்ணு. ஒரு தோட்டத்துல 400 பேர் இருந்தா அந்த 400 பேர்ல யாருக்கு எத்தனை சந்தாங்கிறது தான் தெனசரி சண்டை. காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக் களத்துல ஒருத்தன் தலைவர், எதிர் லயத்துல இன்னொருத்தன் தலைவர், ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. இவங்க மேல கொழும்புல கை குலுக்கி ஒரே லிஸ்ட்ல நின்னா கீழ சந்தா புஸ்தகம் கலங்கிடும். கம்பனி கூட்டு ஒப்பந்தத்த விட்டு போனதும் சம்பளத்துல சந்தா புடிச்சுக் குடுக்கிறதையும் நிறுத்திட்டான், அதுக்கு பொறகு சங்கத்துக்கு வருமானம் வேணும்னா தலைவர் மந்திரியா இருக்கணும், ஆள் சேக்க ஒரு பதவி வேணும். அதனால எந்த அரசாங்கம் வந்தாலும் உள்ள போகத் துடிக்கிறாங்க. ஆசைன்னு மட்டும் சொல்லிட முடியாது, பொழப்பு அப்படி ஆகிருச்சு. கட்சியையும் சங்கத்தையும் பிரிக்காத வரைக்கும் ஒரே லிஸ்ட் கனவு தான்.

கொட்டகலை_சேவல்
டீச்சர் படிச்சவங்க, எழுத்துல எல்லாம் சுலபம். சங்கத்த பிரிச்சுட்டா ராத்திரி 2 மணிக்கு துரை பங்களாவுக்கு எதுர்ல யாரு போய் நிப்பா? வேல நிறுத்தின ஆளுக்கு லேபர் ஒப்பீஸ்ல யாரு பேசுவா? திசைகாட்டி எம்பி வருவாரா?

இன்னொண்ணையும் சொல்லிட்றேன், திசைகாட்டிக்குள்ள இருக்கிற இந்த ஜேவிபி அன்னைக்கு அஞ்சு வகுப்பு எடுத்து அதுல ஒண்ணு இந்திய விஸ்தரிப்புவாதம்னு சொல்லி நம்ம சனத்த இந்தியாவோட கையாள் மாதிரி பாத்த கட்சி. தம்பிக்கு வயசு பத்தாது.

ஹட்டன்_பஸ்டாண்ட்
வயசு இருக்கு அண்ணே, அதையும் படிச்சிருக்கேன். 1971 காலத்து வகுப்ப வச்சு இன்னைக்கு இருக்கிறவங்கள அளக்கிறதுன்னா, மஹிந்த மந்திரி சபையில நீங்க இருந்தத நாங்க எத்தன வருஷத்துக்கு அளக்கணும்? 2023 ஒக்டோபர்ல அவங்க ஹட்டனுக்கே வந்து ஹட்டன் பிரகடனம்னு வெளியிட்டாங்க. காணி, வீடு, சம்பளம், மொழின்னு எழுதி வச்சிருக்கு. எழுதினத கையில வச்சுக்கிட்டு கேக்கலாம்ல.

டயகம_வெஸ்ட்
எழுதினது எல்லாரும் தான் எழுதினாங்க. தித்வா புயல்ல மலை சரிஞ்சப்ப எங்க பக்கம் லயத்த விட்டு எறங்கி பள்ளிக்கூடத்துல கெடந்தோம், அப்ப வந்தது பக்கத்து டிவிசன் பொடியனுங்களும் கீழ டவுன் சிங்கள கடைக்காரங்களும் தான். ஒரு தலைவரு மூணாம் நாள் வந்து செல்பி எடுத்தாரு, இன்னொரு கட்சி ஆளு நாலாம் நாள் வந்து பேரு எழுதிட்டு போனாரு. பேரு எழுதினதோட சரி. எங்களுக்கு வேண்டியது மண் சரியாத எடத்துல காணி, அதுவும் எங்க பேர்ல உறுதியோட. அத யாரு தந்தாலும் அவனுக்கு ஓட்டு. கொடி கலர பாக்க மாட்டேன்.

ஹட்டன்_பஸ்டாண்ட்
அதே தான் நான் சொல்றது.

டயகம_வெஸ்ட்
இல்லண்ணே, நீங்க சொல்றது வேற. நீங்க ஒரு கொடிய எறக்கி இன்னொரு கொடிய ஏத்த சொல்றீங்க. 2025 மே மாசம் உள்ளூராட்சி எலக்‌ஷன்ல நாடு முழுக்க திசைகாட்டி 61 வீதத்துல இருந்து 43க்கு எறங்கிச்சு, ஆறு மாசம் தான் ஆச்சு. அலை எறங்கினா இந்த மூணு நாலு தமிழ் எம்பிமாருக்கு அடுத்த லிஸ்ட்ல எடம் இருக்குமான்னு எனக்கு தெரியல. கட்சிய மடிச்சு பெட்டியில வச்சிட்டு அப்ப யாரு கிட்ட போறது?

பதுளை_டீச்சர்
இவன் சின்னப் பையன்னு நெனச்சேன், விஷயத்த புடிச்சிட்டான். ஹட்டன் தம்பி, இதுக்கு பதில் சொல்லுங்க.

ஹட்டன்_பஸ்டாண்ட்
பதில் இருக்கு டீச்சர். கட்சி வேணாம்னு சொல்றது சங்கமே வேணாம்னு இல்ல. சங்கம் இருக்கட்டும், சம்பளம், வேல, லேபர் ஒப்பீஸ் எல்லாத்துக்கும் அது சண்ட போடட்டும், எந்தக் கட்சிக்கும் ஓட்டு புடிச்சு குடுக்காம. நீங்களே தான் பிரிக்கணும்னு சொன்னீங்க. பிரிச்சா ஓட்டு போடுறவன் அவன் இஷ்டத்துக்கு போடுவான். இப்ப தலைவர் வந்து இந்தத் தடவ மொட்டு, அடுத்த தடவ யானைன்னு நம்மள சில்லறை மாதிரி மாத்திக்கிட்டு திரியிறாரு, அது தான் நிக்கணும்.

கொட்டகலை_சேவல்
நின்னா பாப்போம். மாகாண சபை லிஸ்ட் வரட்டும், திசைகாட்டியில எத்தன தோட்டத்து ஆளுக்கு எடம் குடுக்கிறாங்கன்னு பாக்கத்தானே போறோம். மத்திய மாகாணத்துல கடைசியா 2013ல எலக்‌ஷன் வச்சது, அப்ப எங்க ஆளுங்க எத்தன பேர் உள்ள இருந்தாங்கன்னு எடுத்துப் பாருங்க.

மலைமகள்_நோர்வூட்
எத்தன தோட்டத்து பொம்பளைக்குன்னும் சேத்து கேளுங்க அண்ணே. மலையில கொழுந்து பறிக்கிறது முக்காவாசி பொம்பளைங்க, சந்தா கட்டினதும் அவங்க தான், மே தினத்துக்கு லொறியில ஏத்திட்டு போறதும் அவங்கள தான். 1947ல இருந்து 2024 வரைக்கும் மலையகத்துல இருந்து ஒரு பொம்பள பாராளுமன்றத்துக்கு போகல. போன மொதல் ரெண்டு பேரும் திசைகாட்டியில தான் போனாங்க. நான் திசைகாட்டி இல்ல, ஆனா இத எப்படி இல்லன்னு சொல்றது? உங்க சேவல் எத்தன பேர அனுப்பிச்சு?

கொட்டகலை_சேவல்
மாகாண சபைக்கு அனுப்பியிருக்கோம்மா.

மலைமகள்_நோர்வூட்
பாராளுமன்றத்துக்கு கேட்டேன்.

டயகம_வெஸ்ட்
அண்ணே ஓன்லைன்ல தான் இருக்காரு, பச்ச புள்ளி எரியுது 👀

கொட்டகலை_சேவல்
காலையில 6 மணிக்கு பெரட்டு, நாளைக்கு வந்து எழுதுறேன். டீச்சர், அந்த ஒரே லிஸ்ட் கணக்க கொஞ்சம் விவரமா போட்டு வைங்க, எங்க மாவட்டத் தலைவர் கிட்ட காட்டணும்.